கடிதத்தைத் திறவுங்கள், கதவைத் திறக்காதீர்கள்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. பழுப்பு உறையில் எந்தக் கடிதம் வந்தாலும் அதற்குள் போய்விடும். இரவு வேலை முடித்து விடிந்தபின் வீடு திரும்புகிறவனுக்கு அதைப் பிரிக்கத் தெம்பும் இல்லை, துணிவும் இல்லை. 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு காலை, கட்டாமல் விட்ட கவுன்சில் வரியை வசூலிக்க பெய்லிஃப், அதாவது கடன் வசூலிக்கும் அலுவலர், வந்து கதவைத் தட்டியபோது, கவுன்சில் என்கிற உள்ளூராட்சி மன்றம் அனுப்பிய ஐந்து கடிதங்கள் அந்தத் தகரத்தில் பிரிக்கப்படாமலே கிடந்தன.

நான் மாடியில் தூக்கத்தில் இருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமிதான் கதவைத் திறந்தார். கழுத்தில் அட்டையும் மார்பில் சிறிய கமராவுமாக நின்றவரை ஏதோ பெரிய உத்தியோகத்தர் என்று எண்ணி, கையைக் காட்டி உள்ளே அழைத்துவிட்டார். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தபோது அந்த மனிதர் சோஃபாவில் இருந்தார். மாமி தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் பிஸ்கால், அதாவது நீதிமன்றக் கட்டளையோடு வரும் உத்தியோகத்தர், வருகிறார் என்றால் தெருவே பதறும். இங்கே அவரை நாமே வரவேற்று உட்கார வைத்திருந்தோம்.

அன்று நான் செய்த பிழைகளையும், 2022இல் மறுபடி வரி நிலுவை விழுந்தபோது செய்த சரிகளையும் வைத்து இதை எழுதுகிறேன். இது இங்கிலாந்து நிலவரம். வேல்ஸிலும் பெரும்பாலும் இப்படித்தான். ஸ்கொட்லாந்தில் சட்டமே வேறு.

முதலில் கணக்கு. ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் கடிதம் வரும். ஏழு நாளுக்குள் கட்டச் சொல்லும். அதையும் விட்டுவிட்டால், அடுத்த ஏழு நாளில் தவணை உரிமையே போய், ஆண்டின் மிச்சம் முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். பிறகு நீதிமன்ற அழைப்பாணை. அங்கே மஜிஸ்திரேட் கொடுப்பதுதான் லயபிலிட்டி ஆர்டர், நிலுவையை வசூலிக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் தரும் ஆணை. செலவுத்தொகையும் கடனோடு ஏறிவிடும். எங்கள் நிலுவை 864 பவுண், நீதிமன்றச் செலவு 96, ஆக 960. கோப்பு பெய்லிஃப் நிறுவனத்தின் கைக்குப் போனவுடன் 75 பவுண். அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்த அன்று 235. மொத்தம் 1,270. கடன் 1,500 பவுணைத் தாண்டியிருந்தால், மேலதிகமான தொகைக்கு ஏழரை வீதம் வேறு. இவை 2014 ஏப்ரலில் வந்த விதிகளின்படி எங்களிடம் எடுத்த கட்டணங்கள். உங்களுக்குரியது உங்கள் கடிதத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

அந்த 235தான் தவிர்க்கக்கூடிய பணம். வாசலுக்கு வருவதற்கு முன் "நோட்டீஸ் ஆஃப் என்ஃபோர்ஸ்மென்ட்" (அமலாக்க அறிவித்தல்) என்று தலைப்பிட்ட கடிதம் அனுப்பியே ஆக வேண்டும். ஞாயிறும் வங்கி விடுமுறையும் கழித்து ஏழு முழு நாட்கள் தர வேண்டும். அந்த நாட்களுக்குள் பேசித் தவணை முடிவு செய்தால் 75 பவுணோடு நின்றுவிடும். என்னுடைய நோட்டீஸ் தகரத்தில் மேலிருந்து இரண்டாவதாகக் கிடந்தது. பிறகு எடுத்துப் பார்த்தேன்.

கதவுக்கு வருவோம். கவுன்சில் வரிக்காக முதல் முறை வருகிறவர் உங்கள் வீட்டுக்குள் வலுக்கட்டாயமாக நுழைய முடியாது. பூட்டை உடைக்க முடியாது, உங்களைத் தள்ளிக்கொண்டு வர முடியாது, ஜன்னலால் ஏற முடியாது. காலை ஆறுக்கு முன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும் வரக்கூடாது. ஆனால் நீங்கள் உள்ளே விட்டால் அது சட்டப்படியான நுழைவு. பூட்டாத கதவைத் தள்ளித் திறந்து வந்தாலும் அப்படியே. எங்கள் வீட்டில் கருவாடு பொரிக்கும்போது பின்கதவைத் திறந்து வைப்பது வழக்கம். அந்த ஆண்டு முழுவதும் அதைப் பூட்டிவிட்டுப் புகைக்குள் இருந்து இருமினோம். கதவைத் திறக்காமல் மாடி ஜன்னலாலோ கடிதத் துவாரத்தாலோ பேசலாம். பெயர், நிறுவனம், சான்றிதழ் ஆகியவற்றைக் கேளுங்கள். நீதி அமைச்சின் இணையப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே பார்க்கலாம். "உள்ளே வந்து பேசினால் சுலபம்" என்பார்கள். அவர்களுக்குச் சுலபம்.

வீட்டில் ஆங்கிலம் புரியாத பெரியவர்கள் இருக்கிறார்களா? அரசின் நியமங்கள் "பாதிக்கப்படக்கூடியவர்" யார் யாராக இருக்கலாம் என்று ஒரு பட்டியல் தருகின்றன: முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள், அண்மையில் வீட்டில் மரணம் கண்டவர்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்கள், ஆங்கிலம் பேசவும் வாசிக்கவும் வெளிப்படையாகத் திண்டாடுகிறவர்கள். அப்படிப்பட்டவரோ பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையோ மாத்திரம் வீட்டில் இருந்தால், பெய்லிஃப் உள்ளே வரவே கூடாது. கடன்பட்டவரே அந்த வகையில் வந்தால், உதவி தேட அவருக்குப் போதிய அவகாசம் கொடுக்காமல் 235ஐ வசூலிக்கவும் முடியாது. இதை வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். மருத்துவர் கடிதம் இருந்தால் அதையும் இணைத்து, நிறுவனத்துக்கும் கவுன்சிலுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். மாமிக்கு இப்போது ஒரே ஒரு விதி: தமிழில் பெயர் சொல்லிக் கூப்பிடாத எவருக்கும் கதவு இல்லை.

உள்ளே வந்தவர் என்ன செய்வார்? பொருட்களை ஒரு தாளில் எழுதுவார். அன்று எங்கள் தொலைக்காட்சி, சோஃபா, மேசைக் கணினி எல்லாம் ஏறின. மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த மகளின் வீணையை விலக்கிப் பார்த்துவிட்டு, "பெரிய கிட்டார் ஒன்று" என்று எழுதினார். நான் திருத்தப் போகவில்லை. அது வகுப்பு ஆசிரியை இரவல் தந்தது. பிறர் பொருளை எடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. மறுவாரம் ஆசிரியை வாங்கிய பற்றுச்சீட்டோடு ஒரு கடிதம் எழுதித் தந்த பிறகுதான் கிட்டார் பட்டியலிலிருந்து இறங்கியது.

எடுக்கக் கூடாதவை வேறும் உண்டு: உடுப்பு, கட்டில், படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், சலவை இயந்திரம், குடும்பத்துக்குப் போதுமான சாப்பாட்டு மேசையும் கதிரைகளும், தொலைபேசி ஒன்று, மருத்துவச் சாதனங்கள். தொழிலுக்கு வேண்டிய கருவிகள் மொத்தம் 1,350 பவுண் பெறுமதி வரை.

பட்டியலின் அடியில் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். பொருட்கள் வீட்டிலேயே இருக்கும், ஆனால் அவை அவர்கள் பிடியில் என்று ஒத்துக்கொள்ளும் ஒப்பந்தம் அது. அதன் பிறகு தவணை தவறினால், அறிவித்தல் தந்துவிட்டு, பூட்டை உடைத்தும் வரலாம். மாமியின் தேநீருக்கு 235 பவுணைவிடப் பெரிய விலை கொடுத்தது இந்த இடத்தில்தான். எட்டு மாதம், ஒவ்வொரு தவணைக்கும் முந்தைய இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

கார் தனி ஆபத்து. வீதியில் நிற்கும் காருக்கு வீட்டுக் கதவு காவல் இல்லை. சக்கரத்தில் பூட்டுப் போட்டு, இரண்டு மணி நேரம் விட்டு இழுத்துக்கொண்டு போகலாம். நோட்டீஸ் வந்தவுடன் காரைத் தூரத்தில், முடிந்தால் ஒரு நண்பரின் சொந்த முற்றத்தில் விடுங்கள். பூட்டுப் போட்ட பிறகு அதில் கை வைத்தால் குற்றம். கார் நிதி நிறுவனத்துக்கு இன்னும் தவணை கட்டும் கார் என்றால், அந்தப் பத்திரத்தைக் காட்டுங்கள்.

2022இல் நோட்டீஸ் வந்த மூன்றாம் நாள் நிறுவனத்தை அழைத்தேன். மாதம் 60 பவுண் தருகிறேன் என்றேன். மூன்று மாதத்தில் முழுதும் வேண்டும் என்றார்கள். வாக்குவாதம் செய்யவில்லை. வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி, சம்பளச் சீட்டு, வாடகைச் சீட்டின் படங்களோடு கவுன்சிலுக்கே அனுப்பினேன். கடன் கவுன்சிலுடையது, பெய்லிஃபிடமிருந்து கோப்பைத் திருப்பி எடுக்கவும் அவர்களால் முடியும். பதில் வர இரண்டு வாரம். அதற்குள் முதல் 60ஐ வங்கி வழியாகக் கட்டி, கட்டியதற்கான இலக்கத்தைக் குறித்து வைத்தேன். தவணையை ஒத்துக்கொண்டார்கள். ஒருவருமே வாசலுக்கு வரவில்லை.

மூச்சு முட்டினால் இலவசக் கடன் ஆலோசகரிடம் போங்கள்: சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன். 2021 மே முதல் "பிரீதிங் ஸ்பேஸ்" என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆலோசகர் வழியாக எடுத்தால் 60 நாள் பெய்லிஃப் கை வைக்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு கடனைத் தீர்த்துத் தருவதாகச் சொல்லும் "நம்மவர்களிடம்" போகாதீர்கள்.

கடன் சரியான தொகைதானா என்றும் பாருங்கள். தனியாக வாழ்கிறவருக்கு 25 வீதக் கழிவு உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு வரிக் குறைப்பும் உண்டு. ஆனால் விசாவில் அரச நிதி கூடாது என்று இருந்தால் அந்தக் குறைப்பைக் கேட்காதீர்கள், அது அரச நிதிக் கணக்கில் வரும். 25 வீதக் கழிவு அப்படி வராது. இரண்டு ஆண்டு நிலுவை ஒன்றாக வந்து, ஒரே வருகைக்கு 235 இரண்டு முறை போட்டிருந்தாலும் கேள்வி எழுப்புங்கள். சேர்த்துக் கையாளக்கூடியதற்கு ஒருமுறைதான் எடுக்கலாம். முறையீடு முதலில் நிறுவனத்துக்கும் கவுன்சிலுக்கும், பிறகு முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனுக்கு.

சிறை என்று பயமுறுத்தினால்: பெய்லிஃப் யாரையும் கைது செய்ய முடியாது. இங்கிலாந்தில் வேண்டுமென்றே கட்ட மறுத்தார் என்றோ, குற்றமான அலட்சியம் என்றோ, உங்கள் வருமானத்தை விசாரித்து மஜிஸ்திரேட் கண்டால் மட்டுமே மூன்று மாதம் வரை சிறை என்ற பேச்சு வரும். வேல்ஸில் 2019இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

கடைசித் தவணை கட்டியதும் நிலுவை பூச்சியம் என்று எழுத்தில் வாங்கினேன். அடுத்த ஏப்ரலுக்குப் பத்துத் தவணையைப் பன்னிரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லி விண்ணப்பித்தேன். கேட்டால் தருவார்கள். மாதத்துக்கு இருபத்தைந்து பவுண் அளவு குறைந்தது.