பாதி டேங்க் ஆனதும் நிரப்பிவிடுங்கள்

கனடாவின் யூகான் பக்கம் குடும்பத்தோடு காரில் போகிறீர்களா? முள் பாதிக்கு இறங்கியதுமே அடுத்து வரும் பங்கில் பெட்ரோல் போட்டுவிடுங்கள். ஒயிட்ஹார்ஸ் போன்ற பெரிய ஊரைத் தாண்டும்போது பாதிவரைகூடக் காத்திருக்க வேண்டாம். அங்கேயே டேங்கை நிரப்பினால், காட்டுவழியில் தனியாக நிற்கும் பங்குகளில் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் அளவு குறையும்.

காரணம், இங்கே அடுத்த பங்க் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்கலாம். போய்ச் சேரும்போது அது மூடியும் இருக்கலாம். ஊரைத் தாண்டினால் செல்போன் சிக்னலும் பெரும்பாலும் கிடைக்காது. பின்சீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு இதில் துணிய வேண்டாம்.

யூகானில் வடக்கே போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் மட்டும் இந்தக் கணக்கு போதாது. டாசன் என்ற ஊருக்கு அருகே அது பிரியும் இடத்திலிருந்து ஈகிள் பிளெயின்ஸ் வரை, கிட்டத்தட்ட 370 கிலோமீட்டருக்கு இடையில் பங்கே கிடையாது. பெரும்பாலும் சரளைக்கல் சாலை, ஏற்றமும் உண்டு. வழக்கமான மைலேஜ் கிடைக்காது. அதனால் கிளம்பும்போதே டேங்க் நிறைந்திருக்க வேண்டும். தெற்கே கால்கரி, எட்மன்டன் பக்கம் என்றால் சரி, இந்தக் கவலை தேவையில்லை.