பிளக்கிறதெண்டா எதை, எப்பிடி?

முதல்ல விறகு. குத்தியை நிமித்தி வைச்சு வெட்டுமுகத்தைப் பாருங்கோ, அதில ஏற்கனவே ஒரு வெடிப்பு ஓடியிருக்கும், கோடாலி அதிலதான் விழோணும், கணுவில விழுந்தா இறுகிப்போகும் பிறகு அதை இழுத்தெடுக்கிறதுக்குள்ள உயிர் போயிடும். பாலை, வீரை மாதிரி வைரமான குத்தியெண்டா நடுவில கொத்தாதேங்கோ, ஓரத்தில இருந்து சிராய் சிராயாக் கழட்டிக்கொண்டு வாங்கோ. அதுக்கும் மசியாட்டி இரும்பு ஆப்புத்தான்.

பனங்கிழங்குக்கு இந்தப் பலமெல்லாம் தேவையில்லை. பாத்தியால கிண்டின கிழங்கைத் தோல் உரிச்சு, தலையும் வாலும் நறுக்கிப்போட்டு, நுனியில கத்தியை லேசா வைச்சுக் கீழ இழுத்தா நீட்டுக்கு ரெண்டாப் போகும், நடுவில கிடக்கிற பீலியை எடுத்து எறியுங்கோ. அடிவரைக்கும் கிழிக்காம கொஞ்சம் ஒட்டவிட்டா கொடியில கொழுவிக் காயவிடலாம், பாயில போட்டா கோழியோட சண்டை பிடிக்கோணும். பச்சையாக் கிழிச்சுக் காயவிட்டா ஒடியல், அவிச்சுக் கிழிச்சுக் காயவிட்டா புழுக்கொடியல். கூழுக்கு ஒடியல் மாதான் சரி, அதையும் தண்ணியில ஊறவிட்டுப் பிழிஞ்சு எடுங்கோ, இல்லாட்டி கயக்கும்.

உளுந்து சின்ன வேலை. நல்லா வெயில் காட்டிப்போட்டு திரிகையில ஒவ்வொரு பிடியாப் போடுங்கோ, சுளகில புடைச்சுக் குறுணியை வேறாக்குங்கோ, மிச்சக் கோது ஊறவைச்சுக் கழுவேக்க போயிடும்.

காணியைப் பிரிக்கிறதுதான் தலையிடி, இது இலங்கைக் கதை. அப்பா விட்டுட்டுப் போன காணியில பிள்ளையளெல்லாம் வேலி போட்டாப் பிரிஞ்சிட்டுது எண்டு நினைக்கினம், அப்பிடியில்லை. உறுதிக் காணியெண்டா, அதாவது உறுதி எழுதி வைச்சிருக்கிற சொந்தக் காணியெண்டா, எல்லாப் பங்காளரும் ஒத்து வந்தா சேவயரைக் கொண்டு அளந்து பிளான் கீறி, நொத்தாரிசிட்டப் பங்கு உறுதி எழுதலாம், ஒருத்தர் முரண்டு பிடிச்சாலும் மாவட்ட நீதிமன்றம்தான், அதுக்கெண்டே 1977ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, வழக்கு இழுபடும் எண்டதையும் யோசிச்சுக்கொண்டு போங்கோ. ஆனா வன்னியில குடியேற்றத் திட்டங்களில குடுத்த காணி கனக்க 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குள்ள வாறது. அளிப்புப் பத்திரம், அதாவது அரசாங்கம் காணியைக் குடுத்ததுக்கு எழுதின பத்திரம், இருந்தா அதை ஒருக்கா வடிவா வாசிச்சுப் பாருங்கோ, எந்த அளவுக்குக் குறையப் பிரிக்கேலாது எண்டு அதிலயே எழுதியிருக்கும், அதை மீறிக் கீறின பிளானுக்குப் பெறுமதி இல்லை. ஆனபடியா சேவயருக்குக் காசு குடுக்க முதல் பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில பத்திரத்தைக் காட்டிக் கேட்டுட்டு வாங்கோ.