கேலக்சிக் கொத்தின் சூடான வாயு: எக்ஸ்-கதிர்த் தரவில் எங்கே தவறுகிறோம்?

ஈர்ப்பால் பிணைந்த பல கேலக்சிகளின் கூட்டமே கேலக்சிக் கொத்து. அதில் நிரம்பிய சூடான வாயு எக்ஸ்-கதிரை உமிழ்கிறது. சிங்கப்பூரின் மேகமும் நகர வெளிச்சமும் அந்த வாயுவை ஆராயத் தடையே இல்லை. விண்ணிலிருந்து வரும் எக்ஸ்-கதிரைக் காற்று மண்டலம் உறிஞ்சிவிடுவதால், அதை எந்த நாட்டிலும் தரையிலிருந்து பார்க்க முடியாது. 1999இல் ஏவப்பட்ட சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்னும் எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கிகள் இரண்டின் தரவுக் களஞ்சியமும் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இங்குள்ள மாணவர் தம் மடிக்கணினியிலேயே தொடங்கலாம். தரவு கைக்கு வந்த பிறகுதான் சிக்கல்.

முடிவுகளை அதிகம் கெடுப்பது பின்னணிக் கழிப்பு, அதாவது கொத்திலிருந்து வராத பதிவுகளை நீக்குவது. வாயுவின் பிரகாசம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடர்த்தி பத்தில் ஒன்றானால் வெளிச்சம் நூறில் ஒன்று. அதனால் கொத்தின் ஓரத்தில் பின்னணியே மேலோங்கும். அதைச் சற்றுக் குறைத்து மதிப்பிட்டாலும் மிச்சம் வாயுவின் கணக்கில் ஏறி, வெப்பநிலையை வீணாக உயர்த்தும். பின்னணியிலும் பல கூறுகள் உண்டு: உணரியைத் தாக்கும் துகள்கள், நம் பால்வெளியின் மென்கதிர், தொலைதூரக் கருந்துளைகளின் கூட்டொளி. துகள்கள் கண்ணாடி வழியாகக் குவிந்து வருவதில்லை. ஆகவே எக்ஸ்ஸ்பெக் என்னும் நிறமாலைப் பகுப்பாய்வு மென்பொருளில் அந்தக் கூறுக்குத் தனி மாதிரி கொடுங்கள். கண்ணாடி எந்த ஆற்றலில் எவ்வளவு கதிரைச் சேர்க்கிறது என்று சொல்லும் செயல்பரப்புக் கோப்பை அதில் சேர்க்கக் கூடாது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

எக்ஸ்எம்எம் தரவில் புரோட்டான் வெடிப்புகளும், அதாவது புரோட்டான்கள் திடீரென மிகுந்து பதிவாகும் நேரங்களும், உண்டு. அதன் பிஎன் என்னும் உணரியில் 10–12 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஒளிவளைவை (நேரத்துக்கேற்ப எண்ணிக்கை மாறுவதைக் காட்டும் வரைபடம்) 100 விநாடித் துண்டுகளாக வரைந்து, விநாடிக்கு 0.4 எண்ணிக்கையைத் தாண்டும் நேரங்களை வெட்டுவது வழக்கம். அந்த எல்லையைக் கண்மூடி ஏற்காதீர்கள், வளைவைக் கண்ணால் பாருங்கள்.

நமக்கும் கொத்துக்கும் நடுவிலுள்ள ஹைட்ரஜனின் உறிஞ்சலை மாதிரியில் குறைவாக வைத்தாலும் வெப்பநிலை பொய்யாக ஏறும். ஃபோட்டான்கள் குறைவென்றால் மாதிரியின் பொருத்தத்தை அளக்கக் கை-வர்க்கத்தை விட்டு, குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற சி-ஸ்டாட் அளவையைப் பயன்படுத்துங்கள்.

இரும்பின் அளவை எழுதும்போது எந்தச் சூரியப் பட்டியலோடு (சூரியனில் தனிமங்களின் அளவு) ஒப்பிட்டது என்று குறிப்பிடாதவர்கள் ஏராளம். எக்ஸ்ஸ்பெக் தானாக எடுப்பது 1989 பட்டியல். அதில் 0.3 என்று வரும் இரும்பு, 2009 பட்டியலில் சுமார் 0.44. வாயு மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. குளிர்ந்த மையமும் சூடான வெளிப்பகுதியும் கலந்த இடத்தில் ஒரே வெப்பநிலையைப் பொருத்தினால், இரும்பு உண்மையைவிடக் குறைவாகவும் தோன்றலாம்.

கொத்தின் நிறைக் கணக்கு, வாயுவின் அழுத்தமும் ஈர்ப்பும் சமநிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. புல்லட் கொத்துபோல இரு கொத்துகள் மோதிக்கொண்டிருக்கும் இடத்தில் அது செல்லாது. அமைதியான பெர்சியஸ் கொத்தின் மையத்திலேயே 2016இல் ஹிட்டோமி விண்தொலைநோக்கி விநாடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர் வேகச் சிதறலை (வாயுவின் வேகங்கள் பரவியிருக்கும் அளவு) அளந்தது. அந்த அசைவு தரும் அழுத்தத்தைச் சேர்க்காவிட்டால் நிறை குறைவாகவே வரும்.