பால்பார்க் என்றால் எந்தப் பார்க்?

அமெரிக்காக்காரர் ஒருவர் போனில் "ஒரு பால்பார்க் ஃபிகர் சொல்லுங்கள்" என்றபோது எனக்குப் பார்க் மட்டும்தான் காதில் விழுந்தது. அவர் கேட்டது தோராயமான ஒரு தொகை. பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம், அவ்வளவுதான்.

ஐந்நூறு ஆங்கில மரபுத்தொடர்களை அகரவரிசையில் அடுக்கிய கைடை மனப்பாடம் செய்தால் இதெல்லாம் வராது, நானும் முயன்று பார்த்தவன்தான். ஒரு தொடர் எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்று பார்த்து, அதன் சொந்தபந்தங்களோடு சேர்த்துப் பிடியுங்கள். விளையாட்டில் தொடங்கலாம்.

பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு நம் கிரிக்கெட் அறிவே பாதி வேலையை முடித்துவிடும். முன்பெல்லாம் பிட்சை மூடிவைக்க மாட்டார்கள். மழையில் நனைந்து வெயிலில் காய்கிற தரையில் பந்து எப்படி எழும்பும் என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் 'ஆன் எ ஸ்டிக்கி விக்கெட்' என்றால் சிக்கலில் மாட்டியிருப்பது. யாரும் சொல்லாமல் தானாகவே செய்த காரியம் 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்'. 'ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்பது நிறைய நாள் நன்றாக வாழ்ந்து போன பெரியவரைப் பற்றிய பேச்சு. ஆனால் ரொம்பத் தைரியம் வேண்டாம். 'நாக்டு ஃபார் சிக்ஸ்' என்று கேட்டதும் நம் மனசு விசிலடிக்கும், அதன் அர்த்தமோ ஒரு செய்தி கேட்டு ஆடிப்போவது. சிக்ஸர் அடித்தவர் பக்கம் நின்று பார்க்காமல் அடி வாங்கிய பக்கம் நின்று பாருங்கள், புரிந்துவிடும்.

அமெரிக்க ஆபீஸ் மெயில்களுக்கு பேஸ்பால் வேண்டும். அரை மணி நேரம் யூடியூபில் ஒரு ஆட்டத்தின் ஹைலைட்ஸ் பார்த்தாலே போதும். பந்து வளைந்து வந்து ஏமாற்றுவது கர்வ்பால், அதனால் எதிர்பாராத சிக்கலுக்கும் அதே பெயர். அடிக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால் அது ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட்; கலிபோர்னியாவில் 1994இல் வந்த, மூன்றாவது குற்றத்துக்கு மிகக் கடுமையான தண்டனை தரும் சட்டத்தைக்கூட 'த்ரீ ஸ்ட்ரைக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்து நோட்டு. தொடரையும் அர்த்தத்தையும் மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. கேட்ட முழு வாக்கியம், யார் யாரிடம் சொன்னார்கள், எந்த நாடு, இது மூன்றும் வேண்டும். கற்பவர்களுக்கான அகராதிகளில் பேச்சுவழக்கு, பழைய வழக்கு, அமெரிக்க வழக்கு என்று பக்கத்தில் குறிப்பு இருக்கும், நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஸ்லாங் என்றால் இன்னும் உஷார். தமிழ் கற்கும் ஒரு வெள்ளைக்காரர் தலைமையாசிரியரிடம் போய் "பல்பு வாங்கிட்டீங்களே சார்" என்றால் எப்படி இருக்கும்? நாமும் அங்கே அதையே செய்வோம். அதனால் நண்பர்களோடு உட்கார்ந்து பேசும்போது "இதுக்கு என்ன அர்த்தம்" என்பதோடு நிறுத்தாமல், "இதை உன் மேனேஜரிடம் சொல்வாயா, பாட்டியிடம் சொல்வாயா, உன் வயசுக்காரர்கள் இப்பவும் சொல்கிறார்களா" என்று கேளுங்கள். சண்டை வரும். அதில்தான் விஷயமே வெளியே வரும். 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' நம் பள்ளிக் கட்டுரைகளில் கொட்டுகிற அளவுக்கு ஆங்கிலேயர் பேச்சில் கொட்டுவதில்லை என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

நாமாகப் பயன்படுத்துவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், ஒரே தொடரை மூன்று வெவ்வேறு ஆட்கள் வாயில் கேட்கும் வரைக்கும். முதலில் எடுத்துவிட ஏற்றது 'ரெய்ன் செக்'. மழையால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டு அது. இப்போது யாராவது சாப்பிடக் கூப்பிட்டு, போக முடியாவிட்டால், "ஐ'ல் டேக் எ ரெய்ன் செக்" என்று சொல்லிப் பாருங்கள்.