புள்ளியை எந்தப் பக்கம் நகர்த்துவது? மி.மீ, செ.மீ, மீட்டர் மாற்றும் வழி

போனில் பார்த்தால் 70 மி.மீ மழை என்று இருக்கும், டிவி செய்தியில் 7 செ.மீ என்பார்கள், இரண்டும் ஒரே மழைதான். பத்தால் மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவசரத்தில் பெருக்குவதா வகுப்பதா என்றுதான் கை தடுமாறும்.

அதற்குக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் தண்ணீரைச் சொம்பால் மொண்டால் சில சொம்புதான் வரும், டம்ளரால் மொண்டால் எண்ணிக்கை எகிறிவிடும், தண்ணீர் என்னவோ அதே தண்ணீர். நீளமும் இப்படித்தான்: சின்ன அலகுக்குப் போனால் எண் பெரிதாகும், அதனால் பெருக்கல், புள்ளி வலப்பக்கம் நகரும்; பெரிய அலகுக்குப் போனால் எண் சிறிதாகும், அதனால் வகுத்தல், புள்ளி இடப்பக்கம் நகரும். கணக்குப் போடும் முன் இதை ஒருமுறை கேட்டுக்கொண்டாலே பாதித் தவறு போய்விடும்.

மனப்பாடம் செய்ய வேண்டியது மூன்றே மூன்று. 1 செ.மீ என்பது 10 மி.மீ, 1 மீட்டர் என்பது 100 செ.மீ, 1 கி.மீ என்பது 1000 மீட்டர். டெசி, டெக்கா, ஹெக்டோ மீட்டர் எல்லாம் பரீட்சையோடு சரி.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மி.மீ மழை கொட்டியது. பெரிய அலகுக்குப் போகிறோம், எனவே பத்தால் வகுக்க 94.6 செ.மீ, அதைத்தான் செய்திகளில் 95 செ.மீ என்று சொன்னார்கள். இன்னும் நூறால் வகுத்தால் 0.946 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு மீட்டர், இடுப்பளவுத் தண்ணீர்! அலகு மாற்றிப் பார்க்கும்போதுதான் அந்த மழையின் உருவமே கண்ணுக்குத் தெரிகிறது.

எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 2 மீட்டர் 5 செ.மீ என்பதை 2.5 மீட்டர் என்று எழுதிவிடுவார்கள். அது தப்பு, 2.05 தான் சரி. மீட்டரில் நூறு செ.மீ இருப்பதால் புள்ளிக்குப் பின்னால் செ.மீ-க்கு இரண்டு இடம் வேண்டும், ஐந்து என்றால் 05. சன்னல் திரைக்குத் துணி வாங்கும்போது இப்படி எழுதினால் 45 செ.மீ துணிக்குச் சும்மா காசு கொடுக்க வேண்டியதுதான். சந்தேகம் வந்தால் முழுவதையும் முதலில் செ.மீ ஆக்கிவிடுங்கள்: 200, அதோடு 5, ஆக 205, பிறகு நூறால் வகுங்கள். ஸ்கேலிலும் இதே கதைதான், 3-ஐத் தாண்டி நாலாவது சின்னக் கோடு என்றால் 3.4 செ.மீ, ஆனால் மீட்டரில் அது 0.034.

அப்புறம், நீளத்தையும் அகலத்தையும் பெருக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள். மொட்டை மாடி 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், பெய்த மழை 7 செ.மீ. அந்த 7-ஐ அப்படியே போட்டுப் பெருக்கினால் 700 வந்து நிற்கும், அதற்கு அர்த்தமே இல்லை. 7 செ.மீ என்பது 0.07 மீட்டர், 10 × 10 × 0.07 என்றால் 7 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 1000 லிட்டர், ஆக ஒரு மழைக்கு உங்கள் மாடியில் மட்டும் 7000 லிட்டர், 6000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று நிரம்பி மிச்சமும் இருக்கும்.