தமிழ்ப் பெயரோடு வரும் படத்தைத் தொலைக்காமல் வாங்குவது: ஃபிளாஸ்க்கில் ஃபைல் அப்லோடு

பத்தமடையில் வீட்டிலிருந்தே பாய் நெய்யும் பெண்கள், போனில் படம் எடுத்து விலை போட்டு ஏற்றுவதற்கு பைத்தானில் இணையதளம் எழுத உதவும் ஃபிளாஸ்க்கில் ஒரு சின்னத் தளம் செய்துகொடுத்தேன். முதல் வாரமே ஒரு அக்கா கூப்பிட்டார். "தம்பி, நான் ஏத்துன கல்யாணப் பாயைக் காணோம். எம் பேருக்குக் கீழ அடுத்த தெருக்காரி பாய்லா நிக்குது!"

கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பெயரையே சேர்த்து நெய்வார்கள். அங்கே வேறொரு ஜோடியின் பெயர் தெரிந்தால், அந்த அக்காவுக்கு வந்த ஆர்டரே போய்விடும். தப்பு என் கோடில்தான் இருந்தது. அதே தப்பை நீங்கள் செய்யாமலிருக்க, வரிசையாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று. ஃபைலின் பெயர், அதன் வகை இரண்டும் அனுப்புகிறவர் எழுதி அனுப்புவது. யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஃபிரண்ட்எண்டில் நீங்கள் போட்ட சரிபார்ப்பையும் பிரவுசரே இல்லாமல் தாண்டிவிடலாம். ஆகவே எல்லாச் சோதனையும் சர்வரில் நடக்க வேண்டும்.

படி 1: அளவு

ஃபார்மின் என்க்டைப்பில் (தகவலை எந்த வடிவில் அனுப்புவது என்று சொல்லும் அமைப்பு) 'மல்டிபார்ட் ஃபார்ம்-டேட்டா' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஃபைல் வராது, பெயர் மட்டும்தான் வரும். பிறகு ஃபிளாஸ்க்கின் 'மேக்ஸ் கன்டென்ட் லெங்த்' அமைப்பில் 8 எம்பி, அதாவது 83,88,608 பைட் என்று வையுங்கள். அதைத் தாண்டினால் 413 பிழை திரும்பும். ஃபிளாஸ்க்குக்கு முன்னால், வருவதை முதலில் வாங்கிக்கொள்ளும் என்ஜின்எக்ஸ் சர்வர் இருந்தால் அங்கேயும் மாற்ற வேண்டும். அதன் இயல்பான வரம்பு 1 எம்பிதான். போன் படம் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும், ஃபிளாஸ்க் வரைக்கும் வந்தே சேராது.

படி 2: உள்ளே இருப்பது படம்தானா

கடைசியில் '.ஜேபிஜி' என்று இருப்பதை நம்பாதீர்கள். ஃபைலின் முதல் 8 பைட்டைப் படியுங்கள். ஜேபெக் என்றால் 255, 216, 255 என்று தொடங்கும். பிஎன்ஜி என்றால் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இரண்டும் இல்லையென்றால் 415, அதாவது 'இந்த வகை ஃபைலை ஏற்க முடியாது' என்ற பிழையை அனுப்பித் திருப்பிவிடுங்கள். படித்து முடித்ததும் சுட்டியை மறுபடி 0-க்குக் கொண்டுபோக மறக்கக் கூடாது. மறந்தால் ஃபைலை அப்படியே சேமிக்கும்போது அந்த 8 பைட் விட்டுப்போகும், படம் திறக்காது.

இது வாசலில் நடக்கும் சோதனை மட்டுமே. முதல் பைட்டுகளைச் சரியாக வைத்துக்கொண்டு பின்னால் வேறெதையும் ஒட்டி அனுப்பலாம். அதற்குத்தான் அடுத்த படி.

படி 3: படத்தைப் புதிதாக எழுதுங்கள்

படங்களைக் கையாளும் பைத்தான் லைப்ரரியான பில்லோவில் திறக்கும்போதே, ஜேபெக், பிஎன்ஜி இரண்டை மட்டும் ஏற்கச் சொல்லுங்கள். அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பாருங்கள், 6 கோடி பிக்சலுக்கு மேல் போனால் நிறுத்துங்கள். சில கேபி அளவுள்ள ஃபைல்கூட விரிந்து சர்வரின் மெமரியை முழுங்கிவிடும். இந்தச் சோதனைகளில் தேறியதை ஆர்ஜிபி-க்கு மாற்றிப் புதிய ஜேபெக்காகச் சேமியுங்கள்.

இதில் எனக்கு முக்கியமானது வேறு. லொக்கேஷன் போட்டு எடுத்த போன் படத்துக்குள், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எக்ஸிஃப் தகவலாக உட்கார்ந்திருக்கும். வீட்டுத் திண்ணையில் பாயை விரித்து எடுத்த படம் என்றால், அந்தப் பெண்ணின் வீட்டு முகவரியையே ஊருக்குக் கொடுத்த மாதிரி. புதிதாக எழுதினால் அது உதிர்ந்துவிடும். ஆனால் போனை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தார்கள் என்ற குறிப்பும் கூடவே போய், பாய் பக்கவாட்டில் கிடக்கும். அதனால் முதலில், அந்தக் குறிப்பின்படி படத்தையே திருப்பிவிடும் 'எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ்' செய்யுங்கள், அப்புறம் சேமியுங்கள்.

படி 4: பெயர்

நான் சறுக்கியது இங்கேதான். பெயரைச் சுத்தம் செய்ய 'செக்யூர் ஃபைல்நேம்' என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தேன். ஆபத்தான புள்ளிகளையும் சாய்கோடுகளையும் அது நன்றாகவே நீக்கும். ஆனால் தமிழ் போன்ற, ஆஸ்கி அல்லாத எழுத்துகளையும் நீக்கிவிடும். 'கோரைப்பாய்.ஜேபிஜி' உள்ளே போனால் வெளியே வருவது 'ஜேபிஜி' மட்டும். 'கல்யாணப்பாய்.ஜேபிஜி' போனாலும் அதே 'ஜேபிஜி'தான். இரண்டாவதாக வந்த படம் முதல் படத்தின் மேலேயே எழுதிக்கொண்டது, பிழை எதுவும் காட்டவில்லை. டாக்குமென்டேஷனில் பெயர் காலியாகவே திரும்பி வரலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது, நான் படிக்காமல் விட்டேன்.

ஆகவே டிஸ்க்கில் வைக்கும் பெயரை நீங்களே உண்டாக்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு யூயூஐடி, அதாவது மறுபடி வராத நீண்ட அடையாள எண், போதும். அவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் டேட்டாபேஸில் தனிப் புலமாக இருக்கட்டும், பக்கத்தில் காட்டும்போது எஸ்கேப் செய்து (அதிலுள்ள குறிகள் கோடாக இயங்காமல் வெறும் எழுத்தாகத் தெரியும்படி) காட்டுங்கள்.

அந்தப் புலத்தில் எழுதுமுன் யூனிகோடின் என்எஃப்சி முறையில் சீராக்கவும் வேண்டும், அதாவது பல விதமாக எழுதக்கூடியதை ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். 'கோ' எழுத, க-வோடு சேரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூடிஎஃப்-8-ல் முதலாவது 'கோரைப்பாய்' 30 பைட், மற்றது 33. சீராக்காவிட்டால் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது.

படி 5: வைக்கும் இடம்

கோடு இருக்கும் ஃபோல்டருக்கு வெளியே, எதையும் இயக்க அனுமதியில்லாத இடத்தில் வையுங்கள். திருப்பி அனுப்பும்போது, ஃபைலின் வகையைப் பிரவுசர் தானாக ஊகிக்க விடாத 'நோஸ்னிஃப்' ஹெடரைச் சேருங்கள்.

இனி சோதித்துப் பாருங்கள். ஒரு டெக்ஸ்ட் ஃபைலின் பெயரை '.ஜேபிஜி' என்று மாற்றி ஏற்றுங்கள், 415 வர வேண்டும். பிறகு இரண்டு வெவ்வேறு படங்களுக்கும் 'கோரைப்பாய்' என்றே பெயர் வைத்து, இரண்டு கணக்கிலிருந்து ஏற்றுங்கள். டிஸ்க்கில் இரண்டு ஃபைல் இருக்க வேண்டும், அவரவர் பெயருக்குக் கீழே அவரவர் பாய் நிற்க வேண்டும்.