எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கேட்கும்போது வண்டி உரிமையாளர்கள் செய்யும் தவறுகள்

"இன்சூரன்ஸ்தான் இருக்கே, கம்பெனி வக்கீல் பார்த்துப்பார்." விபத்து வழக்கில் நோட்டீஸ் வந்தபிறகும் பல லோடு வண்டி உரிமையாளர்கள் கோர்ட் பக்கம் போகாததற்கு இந்த நினைப்புதான் காரணம். அங்கே கம்பெனி வக்கீலோ, டிரைவருக்குச் சரியான லைசென்ஸ் இல்லை, பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று உரிமையாளருக்கு எதிராகவே வாதாடிக்கொண்டிருப்பார். மறுத்துப் பேச ஆள் இல்லை. 'கம்பெனி முதலில் கட்டிவிட்டு, உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம்' என்று தீர்ப்பாகிவிடும். இப்படி ஒரு தரப்பு வராமலே சொல்லப்படுவதுதான் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு.

அதை நீக்கக் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9 விதி 13 இருக்கிறது. சம்மன் முறைப்படி சேரவில்லை என்று காட்ட வேண்டும், அல்லது வராததற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். கெடு 30 நாள். சம்மன் முறைப்படி சேராதிருந்தால் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம்.

கோர்ட்டில் இருக்கும் வழக்கு ஆவணங்களைப் பார்க்காமலே 'நோட்டீஸ் வரவே இல்லை' என்று சத்தியம் செய்வதுதான் பெரிய தவறு. உள்ளே ஒப்புகை அட்டையில் உங்கள் கையெழுத்தே இருக்கலாம். 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதியிருக்கலாம். அதோடு உங்கள் பேச்சின் மதிப்பு போயிற்று. சம்மன் சேர்த்ததில் குறை இருந்தாலும், வாய்தா தேதி உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது உதவாது. ஆர்.சி.யில் இருப்பது பழைய வீட்டு முகவரி என்றால், எப்போது வீடு மாறினீர்கள் என்பதற்கு வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது என ஏதாவது வையுங்கள்.

அடுத்தது, வராததற்கு மஞ்சள் காமாலை என்று சாக்குச் சொல்வது. தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் பிரமாணப் பத்திரம் வழியாகப் பரவும் வியாதி அது! நிஜமாகவே படுத்திருந்தால் மருத்துவச் சீட்டைத் தேதியோடு இணையுங்கள். கெடு தாண்டியிருந்தால் தாமத மன்னிப்பு மனு தனியாக வேண்டும். அதில் தாமதம் எத்தனை நாள், அந்த நாட்களில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

வராத கதையை மட்டும் எழுதிவிட்டு, வழக்கில் சொல்ல என்ன இருக்கிறது என்பதை விட்டுவிடுபவர்களும் உண்டு. டிரைவரிடம் இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தது, 'பேட்ஜ்' (வாடகை, சரக்கு வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதி) இல்லை என்பது மட்டும்தான் கம்பெனியின் குறையா? மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு அந்த லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. நிபந்தனை மீறலை நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான் என்பது 2004-லிருந்தே இருக்கிற நிலை. லைசென்ஸ், பாலிசி, ஆர்.சி. நகல்களை முதல் நாளே மனுவோடு சேர்த்துவிடுங்கள்.

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு: 90 நாள் கெடு, முன்கூட்டி 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, எது குறைவோ அது கட்ட வேண்டும். ஆனால் அது தள்ளுபடியானபின் கீழே வந்து விதி 13 மனு போட முடியாது.

மனு போட்டதும் வசூல் தானாக நின்றுவிடும் என்று இருக்காதீர்கள். தடை உத்தரவு தனியாகக் கேட்க வேண்டும். அப்புறம், 'இவ்வளவு தொகையை இந்தத் தேதிக்குள் கட்டினால் மனு அனுமதிக்கப்படும்' என்று உத்தரவானால் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஒரு நாள் தவறினாலும் மனு தள்ளுபடியாகலாம்.